தண்டவாளத்தில் அடித்த அரிவாள்மணை

எங்கள் வீட்டில் மிக்ஸி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது, காய் நறுக்க மூன்று தினுசுக் கத்திகளும், அவற்றைச் செருகி வைக்க அழகான ஒரு மரக்கட்டையும் இருக்கின்றன. இருந்தும் பரங்கிக்காயோ சேனைக்கிழங்கோ வந்துவிட்டால் எல்லோரும் தேடுவது என் மாமியாரின் அரிவாள்மணையைத்தான். பலகை இரண்டு முறை மாறிவிட்டது. இரும்பு மட்டும் பழையதே. மாமியாரின் தாயாருக்குக் கல்யாணச் சீராக வந்தது அது.

அந்த அரிவாள்மணைக்கு ஒரு பெருமை உண்டு. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் மாமியார் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

"சாதாரணமா நினைச்சுடாதீங்க. எங்க ஊர் ஆசாரி தண்டவாளத்துல அடிச்சதாக்கும் இது!"

கேட்டவர்கள் எல்லோரும் ஒரு தரம் அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். ரயில் ஓடிய இரும்பு அல்லவா? பதினைந்து வருஷமாக நானும் வந்தவர்களிடம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

சங்கடம் ஒரு பழம்பொருள் வியாபாரியின் ரூபத்தில் வந்தது. எங்களிடம் இருந்த பித்தளைத் தவலை ஒன்றைப் பார்க்க வந்தவர், மாமியார் சொன்ன கதையைக் கேட்டதும் தவலையை மறந்துவிட்டார். "ரயில் இரும்பா? தென்காசிப் பக்கமா? அப்படியென்றால் 1904-ல் போட்ட கொல்லம் லைன் தண்டவாளமாகத்தான் இருக்கும்!" என்று அவரே ஒரு வருஷத்தையும் கண்டுபிடித்துவிட்டார். ஆறாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். அதைச் செய்த கொல்லர் பரம்பரையில் யாராவது 'இது 1904-ஆம் வருஷத்து ரயில் இரும்பு' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பன்னிரண்டாயிரம். வாசகத்தை டைப் அடித்தும் கொடுத்துவிட்டுப் போனார்.

விற்பது பற்றி மாமியார் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் கணவர், "பன்னிரண்டாயிரம் கிடக்கட்டும், அது நிஜமா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். மாமியாரின் முகம் வாடியதை நான் பார்த்தேன். எண்பது வயதில், அம்மாவைப் பற்றி மிச்சம் இருக்கும் நாலைந்து ஞாபகங்களில் ஒன்றை வந்து சோதிப்பது என்றால்?

"கொண்டு போய்க் காட்டுட்டி. ஆசாரி வீடு இன்னும் சுரண்டையிலதான் இருக்கு. என்ன சொல்லுதாருன்னு கேட்டுட்டு வா" என்றார் அவரே. இரும்பைப் பலகையிலிருந்து கழற்றி, ஈரிழைத் துண்டில் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினேன். ரயில்வே போலீஸ்காரர் ஒவ்வொரு முறை கடந்து போகும்போதும் என் முகத்தில் எப்படி ஒரு திருட்டுக்களை வந்தது என்பதை விவரிக்கப் போவதில்லை.

*

சுரண்டைக்கு ரயில் கிடையாது. இதுதான் என் முதல் சந்தேகம்.

தென்காசியில் இறங்கிக் கிழக்கே பஸ்ஸில் போக வேண்டும். மேற்கே திரும்பிப் பார்த்தால் குற்றாலத்து மலை மேகத்தைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறது. சாரல் காற்று சுரண்டை வரை வந்து, நனைக்க மனமில்லாமல் முகத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போகிறது. திண்ணைகளில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். இலை வெட்டும் கத்தரிக்கோல் பேச்சு நின்றாலும் நிற்பதில்லை. 2019-ல் தென்காசி தனி மாவட்டமானதும், 2021-ல் சுரண்டை நகராட்சி ஆனதும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "ரயில் மட்டும் வரல, பாத்துக்கோ" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ரயில் இந்தச் சீமைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1876-ல் திருநெல்வேலிக்கு வந்தது. அங்கிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் வரை போனது 1904-ல். விருதுநகரிலிருந்து ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்கு இன்னொரு பாதை 1927-ல் திறக்கப்பட்டது. எல்லாம் ஒரு மீட்டர் அகலமுள்ள சின்னப் பாதைகள். தென்னிந்திய ரயில்வே, அதாவது எஸ்.ஐ.ஆர். கம்பெனியின் வண்டிகள் ஓடியவை. அந்தப் பாதைகளும் இன்று இல்லை. விருதுநகர்ப் பாதை 2004-லும், திருநெல்வேலிப் பாதை 2012-லும், செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2018-லும் அகலப் பாதையாகி வண்டி ஓடத் தொடங்கின. சுரண்டைக்குத் தெற்கே பாவூர்சத்திரம் ஸ்டேஷன், மேற்கே தென்காசி. நடுவே இருக்கும் ஊருக்குத் தண்டவாளம் எப்படி வந்திருக்கும்?

யோசித்தால் 1904 என்ற வருஷமே இடிக்கிறது. அந்த வருஷம் போட்ட தண்டவாளம் புத்தம் புதியது. அது தேய்ந்து, பெயர்த்தெடுக்கப்பட்டு, பழைய இரும்பாக ஏலத்துக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும். 1904-லேயே அது அரிவாள்மணை ஆகியிருந்தால், என் மாமியாரின் குடும்பத்தைப் பற்றி வேறு ஒரு விஷயத்தை அல்லவா நான் விசாரிக்க வேண்டியிருக்கும்!

*

கொல்லுப்பட்டறை ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. மேலே ஓலைக்குப் பதில் தகரம். துருத்திக்குப் பதில் காற்று ஊதும் சின்ன மோட்டார். பழைய துருத்தியைத் தூக்கிப் போட மனமில்லாமல் சுவரோரம் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே அரை இருட்டு. வெளிச்சம் போதாமல் இல்லை. வெளிச்சம் கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். காய்ந்த இரும்பின் நிறத்தைப் பார்த்துத்தான் வேலை. வெயிலில் அந்த நிறம் கண்ணுக்குப் பிடிபடாது.

ஆசாரிக்கு அறுபத்தெட்டு வயது. இடக் கையில் குறடு, வலக் கையில் சுத்தியல். எதிரே நின்று சம்மட்டி போடுபவர் யார் என்கிறீர்கள்? அவருடைய மனைவி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆறு கிலோ சம்மட்டியைத் தலைக்கு மேல் ஓங்கி, அவர் சுத்தியலால் தொட்டுக் காட்டிய இடத்தில் மயிரிழை பிசகாமல் இறக்குகிறார். நான் அண்ணாச்சி, மதினி என்று உறவு கொண்டாடிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மாமியாரின் பெயரைச் சொன்னதும் மதினி சம்மட்டியைச் சாத்திவிட்டு மோர் கொண்டு வந்தார்.

துண்டைப் பிரித்தேன். அண்ணாச்சி இரும்பை வாங்கி, விரல் நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார். பிறகு காம்பில் இருந்த ஒரு சிறு வெட்டுக் குறியைப் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா கைதான். இது அவர் போடுற குறி" என்றார்.

"தண்டவாளத்து இரும்புதானே, அண்ணாச்சி?"

அவர் பதில் சொல்லவில்லை. மோட்டார் சாணையைப் போட்டார்.

அதற்கு முன்னால் ஒரு சின்னப் பாடம் சொல்லிவிட வேண்டும். நானும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். இரும்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல ஜாதி உண்டு. வித்தியாசம் அதில் சேர்ந்திருக்கும் கரியில், அதாவது கார்பனில் இருக்கிறது. சமையலில் உப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரி அறவே குறைவாக இருந்தால் அது தேனிரும்பு. சொன்னபடி வளையும், ஆனால் கூர் நிற்காது. நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் போனால் எஃகு. காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ துவைத்தால் கெட்டிப்படும். வாய் கூர்மையாக நிற்கும். இரண்டு பங்குக்கு மேல் ஏறிவிட்டால் வார்ப்பிரும்பு, நம் தோசைக்கல். கீழே போட்டால் உடையும் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்கில் நம் நாட்டு ரயில் தண்டவாளத்தில் நூற்றுக்கு 0.6 முதல் 0.8 வரை கரி இருக்கிறது. நல்ல எஃகு. லாரி, பஸ்களின் அடியில் இருக்கும் கமான் பட்டையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டும் அரிவாளுக்கு ஏற்றவை. ஆனால் தண்டவாளத்தை ஸ்லீப்பர் கட்டையோடு பிணைக்கும் ஆணி இருக்கிறதே, அது வேறு ஜாதி. வண்டி குலுங்கும்போது ஆணி வளைந்து கொடுக்க வேண்டுமே தவிர ஒடியக் கூடாது. அதனால் அதை வேண்டுமென்றே மெதுவான இரும்பில் செய்வார்கள்.

அமெரிக்காவில் இந்த ஆணியைத் தட்டிக் கத்தியாக்குவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. பிடியில் ஆணித் தலை அப்படியே தெரியும்படி விட்டிருப்பார்கள். பழைய ரயில்பாதைக் காலத்துக் கத்தி என்று ஆசையோடு வாங்குகிறார்கள். சில ஆணிகளின் தலையில் 'எச்.ஸி.' என்று பொறித்திருக்கும். கரி மிகுந்த இரும்பு என்று அர்த்தமாம். அதிலும்கூட நூற்றுக்கு 0.3 பங்கு அளவுதான். கடிதம் பிரிக்கலாம். சேனைக்கிழங்கிடம் அந்தக் கத்தி தோற்றுப் போகும்.

சரி, பட்டறைக்கு வருவோம். அண்ணாச்சி முதலில் ஒரு கமான் பட்டைத் துண்டைச் சாணையில் வைத்துக் காட்டினார். பொறிகள் சடசடவென்று கிளம்பி, நுனியில் கம்பி மத்தாப்பைப் போலக் கிளை கிளையாக வெடித்தன. "உருக்குன்னா இப்படிப் பூக்கணும். தண்டவாளமும் இப்படித்தான் பூக்கும்" என்றார். பிறகு எங்கள் அரிவாள்மணையின் காம்பை, பலகைக்குள் மறையும் இடமாகப் பார்த்து, லேசாகத் தொட வைத்தார்.

பொறி பூக்கவில்லை. நீளமாக, மஞ்சளாக, வைக்கோல் தாள்களைப் போல ஓடி அணைந்தது.

எனக்குத் தொண்டை அடைத்தது. மாமியாரிடம் போய் என்ன சொல்வேன்?

"இது தண்டவாளம் இல்லம்மா" என்றார் அண்ணாச்சி. "பழைய வண்டிப் பட்டா மாதிரி இருக்கு. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் போடுவாங்கல்லா, அந்த இரும்பு. ஆனா இங்கன பாருங்க." இரும்பைத் திருப்பி, வாய்ப்பக்கத்தை ஒரு கணம், ஒரே ஒரு கணம், சாணைக்குக் காட்டினார். மத்தாப்பு வெடித்தது!

ஒரே அரிவாள்மணையில் இரண்டு இரும்பு. உடம்பு மெது; வாய் மட்டும் எஃகு.

*

இதற்கு 'உருக்கு வைப்பது' என்று பெயராம். இதை அவர் விளக்கியபோது, தண்டவாளத்தை நான் கொஞ்ச நேரம் மறந்தே போனேன்.

அந்தக் காலத்தில் எஃகு என்பது அருமையான பண்டம். தேய்ந்து போன அரம் கிடைத்தால் பத்திரப்படுத்துவார்கள். ஓர் அரிவாள் முழுவதையும் எஃகில் செய்வது ஊதாரித்தனம். அது மட்டுமல்ல, ஆபத்தும்கூட. கடினமான இரும்பு கல்லில் பட்டால் ஒடிந்துவிடும். அதனால் மெதுவான இரும்பைத் தட்டி, வாயைப் பிளந்து, போளிக்குள் பூரணம் வைப்பதுபோல எஃகுத் துண்டை உள்ளே வைப்பார்கள். பிறகு உலையில் வைத்து, இரும்பு வெள்ளை வெளேரென்று ஆகி உருகப் போகிறது என்னும் தருணத்தில் வெண்காரத்தைத் தூவி எடுத்து, அடைகல்லின் மேல் வைத்து நாலைந்து அடி. அதற்குள் இரண்டும் ஒன்றாகிவிட வேண்டும். ஒரு நொடி முந்தினால் ஒட்டாது. ஒரு நொடி பிந்தினால் எஃகு கருகிப் போகும். பற்றவைக்கும் கருவி இல்லை, அளவுமானி இல்லை. கண் ஒன்றுதான்.

கடைசியில் துவைச்சல். செங்காவி நிறத்துக்குக் காய்ச்சி, வாயை மட்டும் தண்ணீரில் நனைத்து, மேலே உடம்பில் தங்கிய சூடு மெல்ல இறங்கி வரும்போது வாயில் வைக்கோல் நிறம் படர்கிறதா என்று பார்த்து, சட்டென்று முழுவதையும் ஆற்றிவிட வேண்டும்.

"இப்ப உருக்கு வைக்கிறீங்களா?"

"யாரு கேக்கா? இப்பத்தான் கமான் பட்டை கிலோக் கணக்குல கெடைக்கே. முழுசும் உருக்கு. வெட்டி, காச்சி, அடிச்சா அருவா. ஒண்ணுக்குப் பாதி நேரம் மிச்சம்" என்றார். திருப்பாச்சேத்தி அரிவாள் என்று ஊரெல்லாம் பேர் சொல்கிறார்களே, அங்கும் இப்போது கமான் பட்டைதான். நேபாளத்தின் குக்ரிக் கத்திக்கும் அதே லாரிப் பட்டைதான் மூலப்பொருள். லாரிகள் வாழ்க!

அப்படியானால் தண்டவாளத்தில் அரிவாள் செய்வதே கிடையாதா? உண்டு. ஆனால் பட்டணத்தில் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. பழைய மீட்டர் கேஜ் பாதையில் கெஜத்துக்கு அறுபது ராத்தல் எடையுள்ள தண்டவாளம் உண்டு. அதில் ஒரு மீட்டர் நீளம் ஏறக்குறைய முப்பது கிலோ. ஒரு கிலோ அரிவாளாக அடித்தால் ஒரு மீட்டரில் இருபத்தைந்தாவது தேறும் என்று நமக்குக் கணக்குப் போடத் தோன்றுகிறது. காகிதத்தில்தான். வெறும் கையால் அந்தக் கனத்தைத் துண்டு போடுவதற்குள் ஒரு நாள் கழிந்துவிடும். அதன் தலைப்பாகம் உருண்டு திரண்ட கட்டி; அதைத் தட்டித் தகடாக்க எத்தனை கரி, எத்தனை சம்மட்டி! மெல்லிய அடிப்பட்டையை மட்டும் வெட்டிரும்பு வைத்துப் பிளந்து எடுத்தால் உளி, களைக்கொத்தி அடிக்கலாம். "தண்டவாளத்துல ஒரு அருவா அடிக்கிற நேரத்துல பட்டையில நாலு அடிச்சுரலாம். வேற இரும்பு இல்லாதவன் செய்வான்" என்றார் மதினி. ஓங்கி அடிப்பவர் அவர் அல்லவா? கணக்கு அவருக்குத்தான் தெரியும்.

வேறு தடையும் உண்டு. ரயில்வேக்குச் சொந்தமான இரும்பு கையில் இருந்து, அது வந்த வழியைச் சொல்ல முடியாவிட்டால், 1966-ஆம் வருஷச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை. ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் ரசீதோடு வாங்கினால்தான் நிம்மதி. பாதைகளை அகலமாக்கியபோது பெயர்த்த இரும்பெல்லாம் ஏலத்துக்குத்தான் போயிற்று. கொல்லுப்பட்டறையின் சக்திக்கு அதில் எட்டியது கொஞ்சம். அதற்கும் முந்திய காலத்தில் யுத்தம் குறுக்கிட்டது. மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் போட்ட பாதையை இரண்டாம் உலக யுத்தத்தில் தண்டவாளத்தோடு பெயர்த்து எடுத்தே போய்விட்டார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். இரும்பு அவ்வளவு கிராக்கி.

*

நான் டைப் அடித்த காகிதத்தை எடுத்தேன். எடுக்க வெட்கமாகத்தான் இருந்தது. பன்னிரண்டாயிரம் சமாசாரத்தையும் மறைக்காமல் சொன்னேன். வந்த தொகையில் பாதியை இவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ரயிலில் வரும்போது மனத்துக்குள் ஒரு யோசனை இருந்தது. தகரக் கூரையைப் பார்த்தபோது அது பலப்பட்டது. கரி விலை ஏறிவிட்டது. பையன் திருப்பூரில் வேலையாக இருக்கிறான். பட்டறைக்குப் பின்வாரிசு இல்லை.

அண்ணாச்சி காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். 1904 என்று வந்ததும் சிரித்துவிட்டார்.

"1904-லயா? அப்ப எங்க தாத்தாவுக்கு மூணு வயசும்மா! தவழ்ந்துகிட்டே அடிச்சிருப்பாரோ?"

மதினி சிரிக்கவில்லை. "அவிய என்ன கேக்காவ? பழைய முறைப்படி செஞ்சதான்னு கேக்காவ. ஆமான்னு சொல்லுங்க. உருக்கு வச்சது பழைய முறைதானே?" என்றார்.

இந்த ஒரு வார்த்தை என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. எது பழைய முறை? நெல்லைச் சீமையில் இரும்பு வேலையின் வயது சாமானியமானதல்ல. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் என்பவர் முதன்முதலில் தோண்டிப் பார்த்தது 1876-ல். திருநெல்வேலிக்கு ரயில் வந்த அதே வருஷம்! பிறகு அலெக்சாண்டர் ரீ என்ற அதிகாரி அங்கே தாழிகளோடு இரும்புக் கருவிகளை ஏராளமாக எடுத்தார். அதே மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அப்போதெல்லாம் கொல்லர்கள் மண்ணிலிருந்து இரும்பை உருக்கி எடுத்தார்கள். கப்பலில் சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியதும் அந்த உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சீமை இரும்பை உள்ளூர்ச் சந்தை வரை கொண்டுவந்து சேர்த்தது ரயில். ஆக, நம் பழைய முறையில் மண் வாரி விட்ட அதே ரயிலின் தண்டவாளத்தைத்தான் வியாபாரி பழமைக்கு முத்திரையாகக் கேட்கிறார்!

கொல்லர்கள் எப்போதும் கிடைத்த இரும்பை எடுத்துக்கொண்டவர்கள்தாம். 1621-ல் ஜலந்தர் பக்கத்தில் வானத்திலிருந்து நெருப்பாக ஓர் இரும்புக் கல் விழுந்தது. ஜஹாங்கீர் பாதுஷா அதை உஸ்தாத் தாவூது என்ற கொல்லரிடம் கொடுத்து வாள் அடிக்கச் சொன்னார். அடித்தால் அது உதிர்ந்து போயிற்று. தாவூது பதறவில்லை. மூன்று பங்கு வானத்து இரும்போடு ஒரு பங்கு சாதாரண இரும்பைச் சேர்த்து அடித்து வாளாக்கிக் கொடுத்தார். பாதுஷாவே இதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வானத்து இரும்புக்குத் தாவூது செய்ததும், வண்டிப் பட்டாவுக்குச் சுரண்டைத் தாத்தா செய்ததும் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. உங்கள் அபிப்பிராயம் வேறாக இருக்கலாம்.

அண்ணாச்சி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "உருக்கு வச்ச அருவாமணை, எங்க தாத்தா செஞ்சதுன்னு எழுதிட்டு வாங்க. போடுதேன்" என்றார்.

*

கிளம்புமுன், இரும்பைக் கொஞ்சம் தட்டிச் சாணை பிடித்துத் தருவதாகச் சொன்னார். அடைகல்லின் மேல் வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டினார். கணீர் கணீர் என்று சத்தம் வந்தது.

அந்தச் சத்தம்! அது எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். எங்கள் பள்ளிக்கூடத்து மணி. மரக்கிளையில் கம்பி போட்டுத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை, பியூன் கம்பியால் அடிக்கும் சத்தம். உங்களில் பாதிப் பேராவது அந்த மணிக்கு ஓடியிருப்பீர்கள்.

"அண்ணாச்சி, கீழே இருப்பது என்ன?"

"இதா? அடைகல்லு. தாத்தா காலத்துல இருந்தே இதுதான். திருநெல்வேலியில பழைய இரும்புக்காரர்கிட்ட வாங்கி, வண்டியில போட்டுக் கொண்டாந்ததுன்னு சொல்லுவாரு."

கரியும் பொடியும் அப்பிக் கிடந்த அதன் பக்கவாட்டை மதினி தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தார். இடுப்புச் சிறுத்து, அடி விரிந்து, தலை உருண்டு. சந்தேகமே இல்லை, தண்டவாளம்! பட்டறை மண்ணில் பாதி புதைந்திருந்தது. தலை, அடி பட்டுப் பட்டு நடுவில் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. தண்டவாளத்தை உருட்டும் ஆலையில் அதன் இடுப்பில் பேரையும் வருஷத்தையும் புடைப்பெழுத்தாகப் பதித்து விடுவார்கள். நாங்கள் மூவரும் டார்ச்சு வைத்துக் குனிந்து படித்தோம். ஆங்கிலத்தில் 'எஸ்.ஐ.ஆர்.' என்பது தெளிவாக இருந்தது. அப்புறம் '19'. அதற்கடுத்த இரண்டு எண்களை யாரோ உளி வைத்து வெட்டியதில் காணவில்லை.

போதாதா? எஸ்.ஐ.ஆர். என்ற பெயர் 1951-ல் தெற்கு ரயில்வே வந்ததோடு முடிந்துவிட்டது. தாத்தாவின் சுத்தியல் இதன் மேல்தான் இறங்கியது. என் மாமியாரின் அம்மாவுக்குச் சீர் கொடுக்க, வண்டிப் பட்டாவும் எஃகும் ஒன்றாகச் சேர்ந்ததும் இதன் மேல்தான்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. "தண்டவாளத்துல அடிச்சது!" மாமியார் பதினைந்து வருஷமாகச் சொன்னது இதைத்தானே? தண்டவாளத்தை உருக்கி என்றோ, தண்டவாளத்தால் என்றோ அவர் ஒரு நாளும் சொன்னதில்லையே! கேட்ட நாங்கள் எல்லோரும் அல்லவா அதற்கு வேறு அர்த்தம் பண்ணிக்கொண்டோம்?

போகும்போது அண்ணாச்சி ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டி என் பெயர், விலாசம், போன் நம்பர் எழுதச் சொன்னார். பேட்டிக்கு ஞாபகார்த்தமாகவோ என்று மகிழ்ந்து எழுதினேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. 2021-ல் போலீஸ் உத்தரவு வந்ததிலிருந்து அரிவாள், கத்தி கொண்டு போகிறவர்கள் விவரத்தைக் குறித்து வைக்கிறார்களாம். காரணம் என்ற கட்டத்தில் அவரே 'காய் நறுக்க' என்று எழுதிக்கொண்டார்.

*

சென்னைக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் மாமியாரிடம் சொன்னேன். தாத்தாவின் குறி, வண்டிப் பட்டா, பூத்த பொறி, பூக்காத பொறி, கடைசியில் அடைகல். அவர் அரிவாள்மணையைப் பலகையில் பொருத்திக்கொண்டே கேட்டார்.

"நான் வேற என்னட்டி சொன்னேன்? தண்டவாளத்துல அடிச்சதுன்னுதானே சொன்னேன்? சின்னப் பிள்ளையில எங்கம்மாகூடப் போயி, அந்தக் கல்லுப் பக்கத்துல உக்காந்து, அடிக்கிறதை நானே பாத்திருக்கேனே!" என்றார். அவர் பார்த்தது, தீட்டக் கொண்டு போன நாளாக இருக்கலாம். நான் விசாரிக்கவில்லை. ஒரு தடவை சுரண்டை வரை போய் விசாரித்தது போதும்.

மறுநாள் வியாபாரியிடமிருந்து போன் வந்தது. அரிவாள்மணை வண்டிப் பட்டாவில் செய்தது, வயது 1904 அல்ல, எங்களுக்கு விற்கவும் இஷ்டமில்லை என்று சொன்னேன். அவர் சிரமப்பட்டு, "அப்படியா?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். அடைகல்லைப் பற்றியும் சொல்லிவிட்டேன். மறுமுனையில் ஒரு கணம் மூச்சே கேட்கவில்லை. "எஸ்.ஐ.ஆர். எழுத்து தெரிகிறதா? அதை விலைக்குத் தருவார்களா? கேட்டுச் சொல்லுங்களேன், இருபதாயிரம் வரை போகலாம்!"

கேட்காமல் இருக்க நான் யார்? சுரண்டைக்குப் போன் போட்டேன். மதினிதான் எடுத்தார். பின்னால் சுத்தியல் கணீர் கணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"இருபதாயிரமா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, "கல்லைக் கொடுத்துட்டு நாங்க எதுல வச்சு அடிக்கிறதாம்? அதையும் அவியகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார்.